நூறு கோடிப் புள்ளிகளில் ஒரு தேயிலைத் தோட்டம்

குன்னூர்ப் பக்கம் நூறு ஹெக்டேர் தேயிலைத் தோட்டம் ஒன்றை டிரோன் வைத்துப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு ஹெக்டேர் என்றால் ஒரு சதுர கிலோமீட்டர். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 3 சென்டிமீட்டர் சதுரம். ஒரு கிலோமீட்டருக்கு 33,333 புள்ளிகள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 111 கோடி. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள். தோட்டத்துக்கு வெளியே இருக்கும் வெற்றுப் பகுதி எது என்று குறிக்க நான்காவதாக ஓர் அடுக்கு. அடுக்குக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் 444 கோடி பைட் ஆகிறது. கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடம், கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும் பகுதி, நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் தலை, செடி பட்டுப்போய் வெறுமையான இடங்கள் எல்லாம் அதில் தெரியும். மேற்பார்வையாளர் நாள் முழுக்க நடந்து பார்க்க வேண்டியது ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது.

இந்தப் படத்தை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. டிரோன் எடுத்தவை ஒன்றன்மேல் ஒன்று படியும் சில நூறு சிறு படங்கள். ஒரே செடி ஐந்தாறு படங்களில் ஐந்தாறு கோணங்களில் விழுந்திருக்கும். அந்தக் கோண வேறுபாட்டிலிருந்து தரையின் மேடு பள்ளத்தை மென்பொருள் கணக்கிடுகிறது. பிறகு, நேர் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரே படமாக வரைந்து தருகிறது. ஆர்த்தோமொசைக் என்று இதைச் சொல்வார்கள். மலையில் இந்த வேலை சமவெளியைவிடக் கடினம். மேல் ஃபீல்டுக்கும் கீழ் ஃபீல்டுக்கும் நடுவே இருநூறு மீட்டர் இறக்கம் இருந்து, டிரோன் ஒரே உயரத்தில் பறந்தால், மேட்டில் 2 சென்டிமீட்டராக இருக்கும் புள்ளி பள்ளத்தில் 7 சென்டிமீட்டராகப் பருத்துவிடும். அதனால் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தே டிரோனைப் பறக்கவிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் முடிந்து படம் கைக்கு வந்த பிறகுதான் எதிர்பாராத தொல்லை தொடங்கும். டிஃப் (TIFF) என்ற வடிவில் வரும் அந்தக் கோப்பை அச்சுக்கு ஏற்ற வடிவத்துக்கோ, கைபேசியில் திறக்கும் வடிவத்துக்கோ மாற்ற வேண்டும். ‘கன்வர்ட்’ பொத்தானை அழுத்தியதும் நீலப் பட்டை 7 சதவீதம் வரை ஓடி அப்படியே நிற்கும். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 7 சதவீதம்தான். அரை நாள் போகும். சில சமயம் 93 சதவீதம் வரை போய், மெமரி போதவில்லை என்ற அறிவிப்போடு மொத்தமும் வீணாகும். கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. அந்த முடிவு பெரும்பாலும் தவறு. இதே கணினி, இதே கோப்பை, வேறு விதமாகக் கேட்டால் பத்து நிமிடத்தில் மாற்றித் தரக்கூடும்.

ஏன் என்று புரிந்துகொள்ள ஊட்டி மலை ரயிலைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் 46 கிலோமீட்டர். சமதளப் பாதையில் அந்த ரயில் 30 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பகுதியில் 13 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதற்கு அந்த ஏற்றமே முக்கியக் காரணம். மேட்டுப்பாளையம் கல்லாறு இடையே எவ்வளவு வேகமான எஞ்சினைப் பூட்டினாலும் மிச்சமாவது சில நிமிடங்கள்தான். கணினித் துறையில் இதை 1967-இல் ஜீன் ஆம்டால் கணக்காகவே முன்வைத்தார். ஒரு மாற்ற வேலை 60 நிமிடம் எடுக்கிறது. அதில் 50 நிமிடம் டிஸ்க்கில் எழுதிப் படிக்கவும் 10 நிமிடம் கணக்குப் போடவும் ஆகிறது என்று வையுங்கள். பிராஸசரை இருமடங்கு வேகமாக்கினால் 55 நிமிடம். டிஸ்க்கை ஐந்து மடங்கு வேகமாக்கினால் 20 நிமிடம். இரண்டாவதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் முதலாவதைவிடக் குறைவு.

ஆகவே முதல் வேலை, அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தனிக் கருவி வேண்டாம். விண்டோஸில் இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றத்தைத் தொடங்கினால் போதும். மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும்: பிராஸசர், மெமரி, டிஸ்க்.

டிஸ்க் 100 சதவீதத்தில் கொதித்துக்கொண்டிருக்க, பிராஸசர் 5 சதவீதத்தில் சும்மா இருந்தால், கணினி கணக்கே போடவில்லை. தரவு வந்துசேரக் காத்திருக்கிறது. பிராஸசர் 12 அல்லது 13 சதவீதத்தில் அசையாமல் நின்றால் அதற்கு வேறு பொருள். எட்டுக் கோர் உள்ள பிராஸசரில் எட்டில் ஒரு பங்கு 12.5 சதவீதம். ஒரே ஒரு கோர் மூச்சுவிடாமல் வேலை செய்ய, மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கின்றன என்று அர்த்தம். மெமரி 98 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, அதோடு டிஸ்க்கும் கொதித்தால், அதுதான் மிக மோசமான நிலை.

அந்த மோசமான நிலை எப்படி வருகிறது? டிஸ்க்கில் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறுவதால் வருகிறது. நம் தோட்டத்துப் படம் ஜேபெக் முறையில் சுருக்கப்பட்டு 300 எம்பி என்று காட்டலாம். திறந்ததும் அது 4.4 ஜிபி. அதோடு நிற்பதில்லை. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் உலகெங்கும் படம் மாற்றப் பயன்படுகிறது. அதன் ஏழாம் பதிப்பு வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒவ்வொரு அடுக்கையும் நான்கு பைட்டாக விரித்து வைத்துக்கொள்ளும். நான்கு அடுக்கு, அடுக்குக்கு நான்கு பைட், ஆகப் புள்ளிக்கு 16 பைட். 111 கோடியால் பெருக்கினால் கிட்டத்தட்ட 18 ஜிபி. 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் மீதி எங்கே போகும்? டிஸ்க்குக்குத்தான். மெமரியில் நடக்க வேண்டிய ஒவ்வொரு எட்டும் டிஸ்க்கில் நடக்க ஆரம்பித்தால் வேகம் நூறில் ஒன்றாகச் சரிவது சாதாரணம்.

ரேம் தாராளமாக இருந்தும் இது நடப்பதுண்டு. டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் இமேஜ்மேஜிக்கோடு ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பும் சேர்ந்து வரும். மெமரி 256 எம்பி, அகலமும் உயரமும் 16,000 புள்ளிகள், டிஸ்க் 1 ஜிபி என்று அதில் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். சர்வருக்கு யாராவது வேண்டுமென்றே பெரும் படத்தை அனுப்பி அதை முடக்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 64 ஜிபி ரேம் வாங்கிப் போட்டவர் அந்த வரியைத் திருத்தாவிட்டால் 256 எம்பியோடுதான் போராடிக்கொண்டிருப்பார். காசு போட்டு வாங்கிய மெமரி பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும்.

வேறு சில சுவர்களும் உண்டு. அவற்றில் முட்டினால் மெதுவாகாது, நேராக நின்றுபோகும். பழைய டிஃப் வடிவம் கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்பதை 32 பிட் எண்ணால் குறிக்கிறது. ஆகவே 4 ஜிபிக்கு மேல் அதனால் எண்ணவே முடியாது. நம் படம் சுருக்காத நிலையில் 4.4 ஜிபி. ‘பிக்டிஃப்’ என்று தேர்வு செய்யாமல் எழுதினால் கடைசி நேரத்தில் உடையும். ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவுக்கும் இதே 4 ஜிபி வரம்பு. ஜேபெக்கோ ஒரு பக்கத்துக்கு 65,535 புள்ளிகளுக்கு மேல் ஏற்காது. இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள தோட்டத்தை 3 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் எடுத்தால் 66,666 புள்ளிகள். மயிரிழையில் தாண்டிவிடும்.

இனி இந்த அத்தியாயத்தின் மையமான விஷயம்: கோப்பின் உள்ளே புள்ளிகள் எந்த வரிசையில் படுத்திருக்கின்றன என்பது. வேகம் குறித்த புதிர்களில் பாதிக்கு மேல் இங்கேதான் அவிழ்கின்றன. ஆனாலும் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

டிஃப் கோப்பில் படத்தை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று, இடமிருந்து வலமாக முழு அகலத்துக்கும் நீளும் வரிகள். மற்றது, 256-க்கு 256 அல்லது 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட சதுரக் கட்டங்கள். பல மென்பொருள்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் முறையிலேயே எழுதும். நம் படத்தில் ஒரு வரி 33,333 புள்ளிகள், நான்கு அடுக்கு. ஆக 133 கேபி. ஒரு தேயிலைப் பாத்தியைப் பெரிதாக்கிப் பார்க்க 256-க்கு 256 அளவில் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்கிறோம். அதில் இருக்கும் தரவு 256 கேபிதான். ஆனால் அந்தத் துண்டு 256 வரிகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு வரியும் சுருக்கப்பட்டிருப்பதால் நடுவிலிருந்து மட்டும் பிய்த்தெடுக்க முடியாது. முழு வரியையும் விரித்தாக வேண்டும். 256 கேபிக்காக 34 எம்பியை விரிக்கிறோம். ஒன்றுக்கு நூற்றுமுப்பது என்ற விகிதத்தில் வீண் வேலை.

அதே படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். புதிய படத்தின் முதல் வரியை எழுதப் பழைய படத்தின் 33,333 வரிகளிலிருந்தும் ஒவ்வொரு புள்ளி தேவை. அதாவது ஒரு வரி எழுத முழுக் கோப்பையும் படிக்க வேண்டும். இரண்டாம் வரிக்கு மறுபடியும் முழுக் கோப்பு. படித்ததை மெமரியில் வைத்திருந்தால் தப்பிக்கலாம். ஜிடால் என்ற நூலகம் வரைபடத் துறையின் முதுகெலும்பு; 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கியது. எதையும் மாற்றாவிட்டால் ரேமில் 5 சதவீதத்தை மட்டும் அது இதற்கு ஒதுக்கும். 8 ஜிபி கணினியில் 400 எம்பி, ஏறக்குறைய 3,000 வரிகள். மூவாயிரத்தொன்றாவது வரி உள்ளே வரும்போது முதல் வரி வெளியே தள்ளப்படும். அடுத்த சுற்றில் அதே முதல் வரியைத் தேடி டிஸ்க்குக்கு ஓட வேண்டும். 7 சதவீதத்தில் பட்டை நிற்பதன் பின்னணி பல நேரம் இதுதான். கட்டங்களாக அடுக்கிய கோப்பில், 512 கட்டத்தின் ஒரு நெடுவரிசையில் 66 கட்டங்கள். மொத்தம் 69 எம்பி போல ஆகும். அது 400 எம்பிக்குள் தாராளமாக அடங்கும். கோப்பை ஒரே ஒரு முறை படித்தால் போதும். அதே தரவு, அதே கணினி. அடுக்கிய விதம் மட்டுமே வேறு.

வரைபடத்தை ஒரு திட்ட அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே கதை. உலகத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில் நீலகிரி 43-ஆம் மண்டலத்தில் வருகிறது. அந்த மண்டலத்தின் மீட்டர் கணக்கிலிருந்து அட்சரேகை தீர்க்கரேகைக்கு மாற்றும்போது படம் லேசாகச் சாய்கிறது. லேசான சாய்வுதான், ஆனாலும் ஒரு வெளியீட்டு வரி நூற்றுக்கணக்கான உள்ளீட்டு வரிகளைக் குறுக்காக வெட்டிச் செல்லும். முதலில் கட்டங்களாக மாற்றி ஒரு தற்காலிகக் கோப்பு எழுதிவிட்டு, பிறகு திட்டத்தை மாற்றினால் இரண்டு வேலையாகத் தோன்றும். மொத்த நேரம் குறையும்.

இந்து நகரைத் தாண்டி ஊட்டிக்குப் போகிறவர்கள் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பிரம்மாண்டக் கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம். எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம், கறுப்பு வெள்ளைச் சுருள் என்று நாட்டுக்கே கொடுத்தது, இன்று மூடிக்கிடக்கிறது. அங்கே உருவான ஃபிலிமுக்கு ஒரு குணம் இருந்தது. நெஞ்சு முழுவதையும் எடுக்கும் பெரிய எக்ஸ்ரே தாளானாலும் பல் டாக்டரின் சிறு துண்டானாலும் ரசாயனத் தொட்டியில் கழுவ ஏறக்குறைய ஒரே நேரம்தான். வெள்ளித் துகள்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. டிஜிட்டல் படத்தில் புள்ளிகள் வரிசை கட்டி ஒரு சிறிய வாசல் வழியாக நுழைய வேண்டியிருக்கிறது. இந்தப் பிரச்சினை முழுக்க அந்த வாசலின் பிரச்சினை.

சுருக்கும் முறை இன்னொரு வாசல். பிஎன்ஜி வடிவத்தில் சுருக்கத்தின் அழுத்தம் 9 வரை போகும். 6-லிருந்து 9-க்கு ஏற்றினால் டிரோன் படத்தில் கோப்பு மிகக் கொஞ்சம் சிறுக்கும். நேரமோ பல மடங்கு கூடும். தேயிலைப் பரப்பு கணினிக்குச் சுலபமான படம் இல்லை. இலைக்கு இலை வெளிச்சமும் நிழலும் மாறுவதால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள் ஒழுங்கு குறைவு. எவ்வளவு முயன்றாலும் இழப்பில்லாமல் அதை ஓரளவுக்கு மேல் கசக்க முடியாது. கிடைக்காத லாபத்துக்காகப் பிராஸசரை வதைப்பதற்குப் பதில் அழுத்தத்தைக் குறைக்கலாம். அல்லது இஸட்ஸ்டாண்டர்ட் போன்ற புதிய முறைக்கு மாறலாம். ஃபேஸ்புக்கின் யான் கோலெட் உருவாக்கி 2016-இல் பொதுவில் வந்த முறை இது. அதே அளவு சுருக்கத்தை, பிஎன்ஜி பயன்படுத்தும் பழைய டிஃப்ளேட் முறையைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்யும். கட்டங்களாக அடுக்கிய கோப்பில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு கோரிடம் கொடுத்துச் சுருக்கலாம். ஜிடாலில் எல்லாக் கோர்களையும் பயன்படுத்து என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். பலர் அந்தச் சொல்லைச் சேர்ப்பதே இல்லை. அந்த 12.5 சதவீதப் புதிருக்கு விடை அதுதான்.

டிஸ்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூஎஸ்பி 2 வழியாகச் செருகிய வெளி டிஸ்க் நொடிக்கு 30, 40 எம்பிதான் கொடுக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நூறு, நூற்றைம்பது. சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறு. சுழலும் டிஸ்க் ஒன்றிலேயே படிப்பதும் எழுதுவதும் நடந்தால் அதன் முள் இங்குமங்கும் தாவியே களைக்கும். படிப்பதை ஒன்றிலும் எழுதுவதை இன்னொன்றிலும் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் எழுதுவது தவிர்க்க வேண்டியது. பாதி எழுதிய கோப்பை அது மேலே ஏற்றத் தொடங்கிவிடும்.

இவ்வளவு சிரமப்பட்டு யார் இந்தப் படங்களைத் திறக்கிறார்கள்? நீலகிரியில் இதற்குப் பதில் தோட்டங்களைத் தாண்டிப் போகிறது. மலையின் உச்சிப் புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் பைனும் எவ்வளவு தூரம் ஏறிவிட்டன என்பதைச் செயற்கைக்கோள் படம் இல்லாமல் அளக்க வழியில்லை. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதை 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. மறு ஆண்டு, நீலகிரி, பழனி, ஆனைமலை உள்ளிட்ட மலைகளை 1973 முதல் 2017 வரையிலான அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. அந்நிய மரங்கள் சுமார் 340 சதுர கிலோமீட்டர் கூடுதலாகப் படர்ந்திருந்தன. சோலையும் புல்வெளியும் சேர்ந்த இந்த உச்சிப் பகுதியே பல ஆறுகளின் ஊற்றுக்கண். வரையாட்டின் மேய்ச்சல் நிலம். தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். 340 சதுர கிலோமீட்டர் என்ற அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எத்தனையோ கோப்புகள் வடிவம் மாறியிருக்க வேண்டும். ஒரு படத்தை மாற்ற அரை நாள் ஆகும் இடத்தில் யாரும் நாற்பது ஆண்டுப் படங்களை ஒப்பிட முனைய மாட்டார்கள்.

இன்று இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது ஐரோப்பாவின் சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் 2015 ஜூனில் ஏவப்பட்டது. உலகத்தை 110 கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டி இலவசமாகத் தருகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நான்கும் ‘43 பி எஃப் என்’ என்ற ஒரே சதுரத்துக்குள் வந்துவிடுகின்றன. 10 மீட்டர் நுணுக்கமுள்ள ஓர் அடுக்கில் 10,980-க்கு 10,980 புள்ளிகள். விரித்தால் 241 எம்பி. நம் தோட்டத்துப் படத்தோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் அதைத் திறப்பது அளவுக்குப் பொருந்தாத தாமதம் பிடிக்கும். காரணம் அது ஜேபெக் 2000 வடிவில் வருவது.

ஜேபெக் 2000 படத்தை முதலில் அலைக்கூறுகளாகப் பிரிக்கிறது: மொத்தத் தோற்றம் ஒரு பக்கம், நுணுக்கங்கள் படிப்படியாக மற்றொரு பக்கம். பிறகு டேவிட் டாப்மேன் வகுத்த முறையில் அந்த எண்களை பிட் பிட்டாக உரித்து, சுற்றியிருக்கும் பிட்களைப் பார்த்து அடுத்ததை ஊகித்துக் குறியிடுகிறது. கோப்பு நன்றாகச் சிறுக்கும். ஆனால் திறக்கும்போது ஒவ்வொரு பிட்டும் தனக்கு முன் வந்த பிட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே எஸ்எஸ்டி வாங்கியும் பயனில்லை, அடைப்பு பிராஸசரில். இதை விரைவாக்கவே 2019-இல் இன்னொரு குறியீட்டு முறை தரத்தில் சேர்க்கப்பட்டது. அது கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அலைக்கூறுப் பிரிப்பில் பாதி, கால், அரைக்கால் அளவுப் படங்கள் தாமாகவே கோப்புக்குள் இருக்கின்றன. மேகம் இல்லாத தேதி எது என்று தேடுபவருக்கு முழுப் படம் தேவையே இல்லை. எட்டில் ஒரு பங்கு நீள அகலத்தில் கேட்டால் அறுபத்துநான்கில் ஒரு பங்கு புள்ளிகளைத் திறந்தால் போதும். தேதியைத் தேர்ந்த பிறகு, ஒரே ஒரு முறை கட்டங்கள் கொண்ட டிஃப்பாக மாற்றி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகான வேலை எல்லாவற்றையும் அதில் செய்யலாம்.

சிறிய அளவுப் படங்களையும் கூடவே சேர்த்து வைக்கும் யோசனை பழையது. 1983-இல் லான்ஸ் வில்லியம்ஸ் முப்பரிமாணக் காட்சிகளை வரைய இந்தப் பிரமிட் முறையைச் சொன்னார். பாதி அளவுப் படத்துக்குக் கால் பங்கு இடம், அதில் பாதிக்குப் பதினாறில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டினாலும் மூலப் படத்தின் மூன்றில் ஒரு பங்குதான். அந்தக் கூடுதல் இடத்துக்கு ஈடாக, 111 கோடிப் புள்ளிப் படம் திரையில் கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும். தோட்ட அலுவலகம் கேட்டது கைபேசியில் பார்க்க ஒரு படம் என்றால், மாற்றமே தேவைப்படாமல் பிரமிட்டின் ஒரு படியை எடுத்துக் கொடுக்கலாம்.

மெமரிப் பிரச்சினைக்கும் பழைய விடை ஒன்று உண்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடம் 1990 வாக்கில் தன் ஓவியங்களை மிக நுணுக்கமாக டிஜிட்டலாக்கும் ஐரோப்பியத் திட்டத்தில் பங்கேற்றது. அன்றைய கணினிகளின் மெமரிக்குள் அந்தப் படங்கள் அடங்கவே அடங்காது. அதற்காக ஜான் கியூபிட், கர்க் மார்ட்டினெஸ் முதலியோர் எழுதிய மென்பொருள் முழுப் படத்தையும் ஏற்றாது. வெளியீட்டில் எந்தத் துண்டு வேண்டுமோ அதற்கு உள்ளீட்டில் எது தேவையோ அதை மட்டும் இழுத்து, வேலை முடிந்ததும் விட்டுவிடும். லிப்விப்ஸ் என்ற பெயரில் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 18 ஜிபி கேட்ட அதே வேலையைச் சில நூறு எம்பியில் முடித்துக் கொடுக்கும். வசதி குறைந்த காலத்தில் எழுதியவர்களுக்கு இருந்த சிக்கன புத்தி பெரும் படங்களின் காலத்தில் எல்லோருக்கும் கைகொடுக்கிறது. பாராட்டத் தகுந்த உழைப்பு அது.

படம் பெரிதானால்தான் நேரம் பிடிக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. அதற்கும் ஊட்டியிலேயே சான்று இருக்கிறது. அங்கே இயங்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், மியூயான் என்ற நுண்துகள்களைப் பதிவு செய்யும் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்பு, 3,712 கண்டறிக் குழாய்கள் கொண்டது. வானத்தை அது 169 திசைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. 13-க்கு 13 புள்ளிகள் கொண்ட படம் என்று சொல்லலாம். 2014 டிசம்பர் 1-ஆம் தேதி அதன் மேல் கடந்த இடிமேகம் 18 நிமிட நேரம் மியூயான்களின் எண்ணிக்கையைச் சற்றே குறைத்தது. அந்தச் சிறு படத்திலிருந்து மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்ற முடிவுக்கு வரத் துகள் மழையைக் கணினியில் மறுபடி மறுபடி உருவாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. முடிவு வெளியானது 2019-இல். 169 புள்ளிக்குப் பின்னால் இருந்த கணக்கு 111 கோடிப் புள்ளிப் படத்தை மாற்றுவதைவிடப் பன்மடங்கு பெரியது.

அதனால் எந்த மாற்றத்தையும் தொடங்கும் முன் ஒரு சிறிய சோதனை செய்வது நல்லது. படத்தின் நடுவிலிருந்து 4,000-க்கு 4,000 புள்ளிகளை வெட்டி எடுத்து, அதை மட்டும் மாற்றி நேரம் பார்க்க வேண்டும். நம் படம் அதைவிட 69 மடங்கு பெரியது. துண்டுக்கு 5 நொடி ஆனால் முழுப் படத்துக்கு ஆறு நிமிடம் ஆக வேண்டும். ஆறு நிமிடம் ஆக வேண்டியது ஆறு மணி நேரம் ஆனால், புள்ளிகளின் எண்ணிக்கை காரணம் இல்லை. மெமரி நிரம்பி வழிகிறது, அல்லது வரிகளாக அடுக்கிய கோப்பு மறுபடி மறுபடி படிக்கப்படுகிறது. துண்டுக்கே ஐந்து நிமிடம் ஆனால் சுருக்கும் முறையைச் சந்தேகிக்க வேண்டும்.

மாற்றவே தேவையில்லாத கோப்பு வடிவமும் வந்துவிட்டது. கட்டங்கள், பிரமிட், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் தொடக்கத்திலேயே: இந்த மூன்றையும் ஒரு டிஃப்புக்குள் ஒழுங்காக வைத்தால், இணையத்தில் எங்கோ கிடக்கும் கோப்பிலிருந்து தேவையான கட்டங்களை மட்டும் கேட்டு வாங்கலாம். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் லேண்ட்சாட் காப்பகம் மொத்தமும் இந்த வடிவத்துக்கு மாறியது. ஒரு லேண்ட்சாட் காட்சி 185-க்கு 180 கிலோமீட்டர். ஏறக்குறைய 3.7 கோடிப் புள்ளிகள். முக்குருத்தி தேசியப் பூங்காவின் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். 30 மீட்டர் புள்ளியில் அது வெறும் 87,000 புள்ளிகள், ஓர் அடுக்குக்கு 174 கேபி. லேண்ட்சாட் 5 ஏவப்பட்ட 1984-இலிருந்து ஆண்டுக்கு ஒரு படம் வீதம் நாற்பது படங்கள் எடுத்தாலும் அடுக்குக்கு 7 எம்பி. கட்டங்களின் ஓரங்களில் கூடவே வரும் தரவையும் சேர்த்தால் அதைப் போல் சில மடங்கு ஆகும். கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் சாதாரண மடிக்கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளைப் பார்ப்பது நல்லது. மற்ற மாதங்களில் முக்குருத்தியின் மேல் பெரும்பாலும் மேகம் நிற்கும். எந்தக் கோப்பு வடிவத்தாலும் அதை விலக்க முடியாது.